61 வயதில் காம்ரேட்ஸ்: இறக்கத்தில் தொடை விட்டுப்போகிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன், வயது 61. இதுவரை மூன்று மாரத்தான் ஓடியிருக்கிறேன், மூன்றுமே ஐம்பதுக்குப் பிறகு. இப்போது காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் போட்டியில் ஓட ஆசை வந்துவிட்டது. பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வீட்டில் "பைத்தியமா?" என்கிறார்கள். 1989இல் வாலி ஹேவர்ட் 80 வயதில் ஓடி முடித்தாரே என்றால், "அவர் ஐந்து முறை ஜெயித்தவர், நீங்கள்?" என்று மகள் கேட்கிறாள். நியாயம்தான்.

ஏற்றம் பிரச்சினையில்லை, நடந்துவிடுவேன். இறக்கம்தான் வதைக்கிறது. பைன்டவுன் பக்கம் ஃபீல்ட்ஸ் ஹில்லில் இறங்கிப் பார்த்தேன். முன்தொடை இரண்டு நாள் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன்.

வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். மூன்றாகக் குறைத்து, ஒரு நாள் எடைப் பயிற்சி சேர்க்கலாமா? இறக்கப் பயிற்சி எத்தனை நாளுக்கு ஒருமுறை? இன்னொன்று, புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் சைவம்தான். பருப்பு, தயிர் தவிர புரதத்துக்கு வேறென்ன சாப்பிடுகிறீர்கள்?

அறுபது தாண்டி ஓடுகிறவர்கள் சொன்னால் நல்லது. இளைஞர்கள் சொல்லும் அட்டவணையைப் பார்த்தாலே முழங்கால் வலிக்கிறது.