ஃப்ரேசியரை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது?

மாடிப்படி:
போன வாரம் ஃப்ரேசியரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். 11 சீசன், 264 எபிசோட். "இன்னும் அந்த அண்ணனும் தம்பியும் ஒயினுக்காகச் சண்டை போட்டு முடிக்கலையா?" என்று வீட்டில் ஒரே கிண்டல். 1993இல் ஆரம்பித்து 2004இல் முடிந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர் இது; ஃப்ரேசியர் என்ற மனநல மருத்துவரும் அவர் தம்பி நைல்ஸும்தான் அந்த அண்ணன் தம்பி. அதே காலத்தில் வந்த வேறு சில தொடர்களை இப்போது போட்டால் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை, பின்னால் கேட்கும் சிரிப்புச் சத்தமே எரிச்சலாக இருக்கிறது. இதிலும் ஆட்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் நானும் கூடவே சிரித்துவிடுவதால் அது காதில் விழுவதில்லை.

இத்தனைக்கும் அந்த உலகத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சியாட்டிலில் உயரமான கட்டடத்தில் வீடு, ரேடியோவில் ஊராருக்கு மனநல ஆலோசனை, சாயங்காலமானால் ஷெர்ரி ஒயின், ஓபரா என்கிற மேற்கத்திய இசை நாடகம். நான் ஓபரா முழுசாக ஒன்றுகூடக் கேட்டதில்லை. அதனால் ஜோக்குகளில் பாதி தலைக்கு மேல் போயிருக்கும். பிறகு எதற்கு மறுபடி மறுபடி பார்க்கிறேன்? வசனமா, நடிப்பா, வேறு ஏதாவதா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேறு தொடர்தான் பெஸ்ட் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், ப்ளீஸ்.

கரிசல்காடு:
எனக்கு ஒரே பதில்தான்: அந்த நாற்காலி. முதல் எபிசோடிலேயே வந்துவிடும். இடுப்பில் குண்டடி பட்டு வேலையை விட்ட போலீஸ்காரர் மார்ட்டின், இனித் தனியாக இருக்க முடியாது என்று மகன் ஃப்ரேசியர் வீட்டுக்கு வருகிறார். மகனோ ஒவ்வொரு சாமானையும் தேடித் தேடி வாங்கி வைத்திருக்கிற ஆள். அதற்கு நடுவில் டேப் ஒட்டிய பழைய சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, டிவி எங்கே என்கிறார். அந்த ஒரு காட்சியில் பதினோரு வருடக் கதையும் அடங்கிவிட்டது.

மார்ட்டின் இல்லையென்றால் இது இரண்டு பந்தாப் பேர்வழிகளின் அரட்டை, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அணைத்துவிடுவோம். அவர்கள் அலட்டுகிறபோது நம் சார்பில் ஒருவர் பீர் கேனும் கையுமாக உட்கார்ந்து முறைக்கிறார், அதனால்தான் அவர்கள் மேல் நமக்கு வெறுப்பு வருவதில்லை. மார்ட்டினாக நடித்த ஜான் மஹோனி இங்கிலாந்தில் பிளாக்பூலில் பிறந்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது, நான் நம்பவே இல்லை.

சொந்தக் கதை கொஞ்சம். அப்பா ஊரிலிருந்து எங்களோடு வந்து சேர்ந்தபோது கயிற்றுக் கட்டிலையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "ஹால்ல இடம் இல்லையேப்பா" என்று நான் சொன்ன தொனி இருக்கிறதே, அச்சு அசல் ஃப்ரேசியர். கட்டில் ஹாலில்தான் கிடந்தது.

சுக்குகாப்பி:
கரிசல் அண்ணா சொல்வது சரிதான், ஆனால் எழுத்தை விட்டுவிடக் கூடாது. ஐந்தாவது சீசனில் பனிச்சறுக்கு விடுதி எபிசோட் ஒன்று வரும். நைல்ஸுக்கு, மார்ட்டினைக் கவனித்துக்கொள்ள அந்த வீட்டிலேயே தங்கியிருக்கும் டாஃப்னி மேல் கண், டாஃப்னிக்கு அங்கே வந்த பனிச்சறுக்கு வாத்தியார் மேல், வாத்தியாருக்கு நைல்ஸ் மேல், டாஃப்னியின் தோழிக்கும் நைல்ஸ் மேல், ஃப்ரேசியருக்கு அந்தத் தோழி மேல். மார்ட்டினுக்குக் காது அடைத்துக்கொண்டு ஒன்றும் சரியாக விழவில்லை. ராத்திரி முழுக்க ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடுகிறார்கள். கடைசியில் எல்லாம் அம்பலமான பிறகு, இத்தனை பேரில் ஒருவர்கூடத் தன்னைத் தேடி வரவில்லையே என்று ஃப்ரேசியருக்கு உறைக்கும் பாருங்கள், அங்கே சிரிக்கவும் வேண்டும், பாவமாகவும் இருக்கும். ஜோக்கை எடுத்துத் தனியாகச் சொன்னால் சிரிப்பு வராது. இந்த ஆள் இந்த இடத்தில் இப்படித்தான் செய்வான் என்று நமக்கு முன்பே தெரியும், அவனும் அப்படியே செய்து தொலைப்பான், அதில்தான் விஷயம். அதனால் இரண்டாம் தடவை பார்க்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

நைல்ஸ் தனியாக பேன்ட்டுக்கு இஸ்திரி போடும் காட்சியை (ஆறாவது சீசன், காதலர் தினம்) இன்னும் பார்க்காதவர்கள் உடனே பாருங்கள். கிட்டத்தட்ட பேச்சே கிடையாது. ஒரு மடிப்பு சரியில்லை என்று ஆரம்பித்து, ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்து, சோபா தீப்பற்றுகிறவரை போகும். நைல்ஸாக நடித்த டேவிட் ஹைட் பியர்ஸ் இந்த வேடத்துக்கு நான்கு எம்மி (அமெரிக்க டிவி விருது) வாங்கியது சும்மா இல்லை. இதில் வேடிக்கை, முதலில் போட்ட திட்டத்தில் தம்பி பாத்திரமே கிடையாதாம். ஃப்ரேசியராக நடித்த கெல்சி கிராமரின் இளவயதுச் சாயலில் இவர் இருக்கிறார் என்று போட்டோவைக் காட்டிய பிறகுதான் நைல்ஸ் பிறந்திருக்கிறான்.

வடக்குமாடவீதி:
எல்லோரும் பாராட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் நொட்டை சொல்கிறேன். 2000இல் நைல்ஸும் டாஃப்னியும் சேர்ந்த பிறகு தொடர் படுத்துவிட்டது. ஏழு வருடம் ஏங்கினவனுக்கு ஏக்கம் போனால் வேறென்ன மிச்சம்? நடிகை கர்ப்பமாக இருந்ததை மறைக்க டாஃப்னி குண்டாகிவிட்டாள் என்று கதை கட்டி, அதை வைத்து வாரக்கணக்கில் ஜோக் அடித்தார்கள், இன்று பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அவள் கூந்தலை நைல்ஸ் பின்னால் நின்று முகர்வதும் அப்படித்தான். கடைசி சீசனில் மறுபடி எழுந்து நின்றது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

நைல்ஸின் முதல் மனைவி மாரிஸை மட்டும் கடைசிவரை கண்ணில் காட்டாமல் விட்டார்களே, அது சாமர்த்தியம். முதலில் காட்டத்தான் நினைத்தார்களாம், ஆனால் வாரத்துக்கு வாரம் அவளைப் பற்றி ஏற்றிவைத்த வர்ணனைக்குப் பொருந்தும்படி மனித ஜாதியில் ஒரு நடிகை கிடைக்க வழியில்லாமல் போய்விட்டது.

மாடிப்படி:
மாடவீதி சார், எட்டாவது சீசனை மூன்று தடவையும் நான் ஓட்டித்தான் விட்டேன், உங்களோடு சண்டை இல்லை. 2023இல் அதே பெயரில் வந்த புதிய ஃப்ரேசியர் தொடரைப் பார்த்தீர்களா யாராவது?

கரிசல்காடு:
பார்த்தேன். பாஸ்டன், ஃப்ரேசியர், அவர் மகன். கெல்சி கிராமர் குறையே வைக்கவில்லை. ஆனால் மஹோனி 2018இல் போய்விட்டார், நைல்ஸ் வர மாட்டேன் என்றுவிட்டார். எதிரில் முறைக்க ஆளில்லாமல் ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் அலட்டுவார்? இரண்டு சீசனோடு நிறுத்திவிட்டார்கள்.

மாடிப்படி:
நேற்று சுக்குகாப்பி சொன்ன இஸ்திரிக் காட்சியை வீட்டில் போட்டேன். கிண்டல் செய்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முடிந்ததும் கேட்ட ஒரே கேள்வி, அந்த நாய்க்கு இப்போது என்ன வயது. மூஸ் என்ற நாய்தான் மார்ட்டினின் நாய் எடியாக நடித்தது, பிறகு அதன் குட்டி என்சோ நடித்தது, இரண்டும் இப்போது இல்லை என்று சொன்னேன். அதற்கு அப்புறம் அன்றைக்கு ராத்திரி வேறு எதுவும் போட விடவில்லை.