நீலகிரி கொரோனா கோடு: ஏழு லட்சத்தால் வகுத்தாரா?

குன்னூர் பெரியவர்:
2021 மே கடைசியில் கொரோனா வளர்ச்சி விகிதத்தில் நீலகிரி சென்னையை மிஞ்சியது என்று ஒரு தம்பி கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். சுகாதாரத்துறை தினமும் வெளியிட்ட பிடிஎஃப் அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து, ஏழு நாள் சராசரி போட்டாராம். எல்லாம் சரி, மக்கள்தொகையால் வகுத்தாரா? 2011 கணக்கெடுப்பில் நாம் 7,35,394 பேர், சென்னை 46 லட்சம். வங்கியில் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவன் கேட்கிறேன்.

மேகக்கோடு:
சார், அந்தத் தம்பி நான்தான். இந்த வாரத் தொற்று போன வாரத்தைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் விகிதம். மேலேயும் கீழேயும் அதே மக்கள்தொகை வந்தால் அடிபட்டுப் போகும். போன வாரம் நூறு கிலோ பச்சைத் தேயிலை, இந்த வாரம் நூற்றைம்பது. ஏக்கரால் வகுத்தாலும் ஒன்றரை மடங்குதான்.

குன்னூர் பெரியவர்:
எனக்கே தேயிலைப் பாடமா? வகுத்தீர்களா, இல்லையா?

மேகக்கோடு:
வகுக்கத் தேவையில்லை என்றுதானே சொன்னேன்.

குன்னூர் பெரியவர்:
ஆக, வகுக்கவில்லை. எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடலூரான்:
நீங்கள் இருவரும் ஊட்டி, குன்னூரைத்தான் மாவட்டம் என்கிறீர்கள். அந்த அறிக்கையில் தாலுகாவாரி எண்ணே கிடையாது. எங்கள் ஆட்கள் வைத்தியத்துக்குக் கேரளத்து சுல்தான் பத்தேரி போனால் அது எந்தக் கணக்கு? கூடலூர், பந்தலூர் என்றால் எப்போதும் இந்த அலட்சியம்தான்.

கோத்தகிரி வாசி:
அதை விடுங்கள். பிடிஎஃப்பில் இருப்பது முடிவு அறிவித்த தேதி, சாம்பிள் எடுத்த தேதி அல்ல. பரிசோதனையைக் கூட்டினாலும் கோடு ஏறும். அதை யாராவது பார்த்தீர்களா?

குன்னூர் பெரியவர்:
பரிசோதனையையும் மக்கள்தொகையால்தான் வகுக்க வேண்டும். நான் சொல்வது அதுதான்.

மேகக்கோடு:
கோத்தகிரி அண்ணா கேட்டது நியாயமான கேள்வி, அதைப் பேசலாம். சார் கேட்பது கேள்வியே இல்லை. மடக்கை அளவில், அதாவது 1, 10, 100 என்று படிக்குப் படி பத்து மடங்காகும் அளவுகோலில், வரைந்து பாருங்கள். வகுத்தால் கோடு மொத்தமாகக் கீழே இறங்கும், சாய்வு மாறாது. அந்த நேரத்தில் சென்னை இறங்குமுகம். தினசரி எண்ணிக்கையிலேயே கோவை அதைத் தாண்டிவிட்டது. ஜூன் 7 முதல் மற்ற மாவட்டங்களுக்குக் கொடுத்த கூடுதல் தளர்வு 11 மாவட்டங்களுக்குக் கிடைக்கவில்லை. அதில் நாமும் உண்டு. என் கோட்டைப் பார்த்தா அரசு முடிவெடுத்தது?

குன்னூர் பெரியவர்:
அரசு வகுத்திருக்கும். நீங்கள்தான் வகுக்கவில்லை. அப்புறம், 2011 கணக்கு பழையது. சீசனுக்கு மேலே ஏறி வருகிறவர்களை எதில் சேர்ப்பீர்கள்?

கோத்தகிரி வாசி:
அந்த மே மாதம் ஊரடங்கு சார். எந்த சீசன்?

கூடலூரான்:
இவர் 2019 அவலாஞ்சி மழைக்கும் இப்படித்தான். ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது என்றதும், மழைமானி பழுது என்று இரண்டு பக்கத்துக்கு எழுதினார்.

குன்னூர் பெரியவர்:
பழுதாக இருக்கலாம் என்றுதான் எழுதினேன். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் பொறுப்பில்லை. இந்தத் தம்பிக்காவது கோடு போடத் தெரியும், உங்களுக்கு அதுவும் தெரியாது.

மேகக்கோடு:
பாராட்டுக்கு நன்றி சார். அப்போ கோடு சரிதானே?

குன்னூர் பெரியவர்:
கோடு போடத் தெரியும் என்றேன், சரி என்று சொல்லவில்லை. நீலகிரிக்கும் சென்னைக்கும் ஆளுக்கு எத்தனை தொற்று என்று போட்டுவிட்டு வாருங்கள்.

மேகக்கோடு:
அது வேறு அளவு சார். அதன் பெயர் வளர்ச்சி விகிதம் இல்லை.

குன்னூர் பெரியவர்:
பெயரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எண்ணைப் போடுங்கள்.

கூடலூரான்:
போடும்போது கூடலூரைத் தனியாகப் போடுங்கள்.

கோத்தகிரி வாசி:
தாலுகாவாரி எண் இல்லை என்று இப்போதுதானே நீங்களே சொன்னீர்கள்!

கூடலூரான்:
இல்லை என்பதற்காகக் கேட்கக்கூடாதா? கோத்தகிரிக்காரருக்கு என்ன வலிக்கிறது?