காது கேக்காத பையன், திரும்ப அட்மிஷன். ஊசின்னாலே கத்துறான், எப்படி தயார் பண்றது?

கவின்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பையனுக்கு 5 வயசு, நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் (கிட்னி வழியா யூரின்ல புரதம் போயி உடம்பு வீங்குற நோய்). ரெண்டு காதுலயும் மெஷின் இருக்கு, மெஷின் போட்டா ஓரளவு கேக்கும், ஆனா நம்ம வாய பாத்தாதான் புரியும், அவன் சொல்றதெல்லாம் கை சைகைலதான். போன அட்மிஷன்ல வென்ஃப்ளான் (மருந்து ஏத்த நரம்புல சொருகி வைக்கிற சின்ன ட்யூப்) போட ட்ரீட்மென்ட் ரூமுக்கு தூக்கிட்டு போனாங்க, என்னைய வெளிய நிக்க சொல்லிட்டாங்க, மெஷின கழட்டி என் கைல குடுத்துட்டாங்க, உள்ள எல்லாரும் மாஸ்க். வலது கைல போட்டு அட்டை வச்சு கட்டி அனுப்பினாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளா புள்ள எதுவுமே வேணும்னு கேக்கல, பசின்னு கூட சொல்லல, சுவத்த பாத்து படுத்தே கெடந்தான். இப்ப மறுபடி ரிலாப்ஸ், முகமெல்லாம் வீங்கிருச்சு, அடுத்த வாரம் அட்மிட் பண்ணி ஆல்புமின் (ரத்தத்துல இருக்குற புரதம்) ஏத்தணும்னு சொல்றாங்க. மாமியார் "சொல்லாம கூட்டிட்டு போ, சொன்னா வீட்லயே அழுவான்"ங்கிறாங்க. விளையாட்டு மூலமா பயத்த போக்கலாம்னு எங்கயோ படிச்சேன், நெஜமாவே உதவுமா? இவனுக்கு வாயால சொல்லி புரிய வைக்க முடியாதே.

வார்டுசிஸ்டர்:
குழந்தைங்க வார்டுல வேலை பாக்குறேன் மா. மொதல்ல ஒண்ணு, அவன் வலது கைக்காரனா? சைகைல பேசுற புள்ளைக்கு அந்த கைய கட்டுறது வாய பொத்துற மாதிரி. ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லலன்னீங்களே, எதால சொல்லுவான்? இந்த தடவ அட்மிஷன் போடறப்பவே "இடது கைல போடுங்க, வலது கைலதான் பேசுவான்"னு சொல்லிடுங்க, ஒரு பேப்பர்ல பெருசா எழுதி கட்டில் தலைமாட்டுல ஒட்டிருங்க, ஏன்னா ஷிஃப்ட் மாறும்போது சொன்னது போயிரும். வெயின் கிடைக்கலன்னா வேற வழியில்லாம போடுவாங்க, அது வேற விஷயம்.

அதே பேப்பர்ல இதையும் எழுதுங்க: மெஷின கழட்டாதீங்க, மூஞ்சிக்கு நேரா வந்து பேசுங்க, ஒருத்தர் மட்டும் பேசுங்க. மாஸ்க் கழட்ட முடியாதுன்னா நீங்க பக்கத்துல இருந்து சைகைல சொல்றேன்னு கேளுங்க. படுக்க வச்சு நாலு பேர் அமுக்குறத விட உங்க மடில உங்கள கட்டிப்பிடிச்ச மாதிரி உக்கார வச்சு ஒரு கைய மட்டும் நீட்டினா பாதி சண்டை குறையும். மரத்துப்போற க்ரீம் இருக்கு, லிக்னோகெய்னும் ப்ரிலோகெய்னும் கலந்தது, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தடவணும், டாக்டர்ட்ட கேட்டுட்டு போடுங்க. சும்மா தடவிட்டு உடனே குத்தினா பிரயோஜனமே இல்ல.

நேரா_பேசறவன்:
தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு பெட்ல ரெண்டு புள்ள படுத்திருக்கிற ஆஸ்பத்திரில போய் விளையாட்டு, மடில உக்காரதுன்னா நடக்குற கதையா. டூட்டி டாக்டர் கத்துவாரு.

சிறப்பாசிரியை:
@நேரா_பேசறவன் கூட்டம் உண்மைதான் சார். ஆனா அம்மா கூட இருக்குறதே ஒரு காலத்துல நடக்காத கதையாதான் இருந்துச்சு. இங்கிலாந்துல பெத்தவங்கள எப்பவாவது வந்து பாக்க மட்டும் விடுவாங்க. 1952ல ஜேம்ஸ் ராபர்ட்சன், ஆஸ்பத்திரில தனியா விடப்பட்ட ரெண்டு வயசு குழந்தைய படம் புடிச்சு டாக்டர்களுக்கே போட்டு காட்டினாரு, 1959ல ப்ளாட் கமிட்டி அம்மா அப்பாவ தாராளமா விடணும்னு அறிக்கை குடுத்துச்சு. அமெரிக்கால எம்மா ப்ளாங்க் 1955ல கிளீவ்லேண்ட் ஆஸ்பத்திரில ஆரம்பிச்சதுதான் இன்னிக்கு சைல்ட் லைஃப்னு, ஆஸ்பத்திரில குழந்தைங்கள விளையாட்டு மூலமா தயார் பண்ற தனி வேலையாவே இருக்கு. இங்க அப்படி ஆள் கிடைக்கிறது கஷ்டம், அதனால வீட்லயே ஆரம்பிக்க வேண்டியதுதான்.

கவின்அம்மா, சொல்லாம கூட்டிட்டு போகாதீங்க. காது கேக்குற புள்ளைக்காவது வழில நாலு பேச்சு காதுல விழும், இவனுக்கு திடீர்னு கதவு தொறந்து ஊசிதான் தெரியும். அதுக்காக இன்னிக்கே ஆரம்பிக்கவும் வேணாம், ஓரிரு நாள் முன்னாடி போதும். ஒரு பொம்மை எடுங்க, அதோட காதுல களிமண்ணுல மெஷின் மாதிரி ஒட்டுங்க. ஊசி இல்லாத சிரிஞ்ச், பஞ்சு, ப்ளாஸ்டர், மாஸ்க் எல்லாம் குடுத்து அவனையே டாக்டர் ஆக்குங்க. நீங்க பாடம் எடுக்காதீங்க, பாத்துட்டு மட்டும் இருங்க. பொம்மைய போட்டு குத்து குத்துன்னு குத்துவான், தடுக்காதீங்க, அவனுக்கு நடந்தது அதுதான். அப்புறம் மெதுவா பொம்மை அழட்டும், அம்மா பொம்மை மடில வச்சுக்கட்டும், கைல ப்ளாஸ்டர் போட்டுட்டு விளையாடட்டும். "வலிக்காது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, கொஞ்சம் வலிக்கும், அப்புறம் போயிரும்னு காட்டுங்க.

ஒரு அட்டைல படம் ஒட்டி எடுத்துட்டு போங்க: தண்ணி, பாத்ரூம், வலி, பசி, அம்மா, போதும். வலிக்கு சிரிச்ச மூஞ்சில இருந்து அழுற மூஞ்சி வரைக்கும் வரிசையா வரைஞ்சா எவ்ளோன்னு தொட்டு காட்டுவான். போன்ல வேணும்னா நம்ம சென்னைல உருவாக்குன, படத்த தொட்டா பேசுற ஆவாஸ் ஆப் இருக்கு, தமிழ்லயும் வருது, ஆனா வார்டுல சார்ஜ் தீந்துரும், அட்டையே நல்லது.

சிறுநீரகஅப்பா:
எங்க பொண்ணுக்கும் நெஃப்ரோடிக்தான். ஸ்டீராய்டு குடுக்குறப்ப பசியும் கோவமும் எகிறும், அத அடம்னு நெனச்சு அடிச்சிறாதீங்க. வீட்ல யூரின் டெஸ்ட் பண்றத அவ வேலையாவே ஆக்கிட்டோம், ஸ்ட்ரிப் நிறம் மாறுறத டப்பால இருக்குற கலரோட அவளே ஒப்பிட்டு காலண்டர்ல கலர் அடிப்பா, தொடர்ந்து மூணு நாள் மஞ்சளாவே வந்தா, அதாவது யூரின்ல புரதம் போகலன்னா, அவளே குதிப்பா. இதுக்கு பேச்சே தேவையில்ல பாருங்க. பொம்மை ப்ளாஸ்டிக்கா எடுத்துட்டு போங்க, பஞ்சு பொம்மைய வார்டுல தொடைக்க முடியாது, ஸ்டீராய்டு புள்ளைங்களுக்கு இன்ஃபெக்ஷன் சீக்கிரம் வரும்.

கவின்அம்மா:
ஆமா சிஸ்டர், வலது கைதான். இது எனக்கு தோணவே இல்ல. அட்டை இன்னிக்கே ஒட்றேன். "போதும்"னு தொட்டாலும் ஊசிய நிறுத்த முடியாதே, அப்ப என்ன பண்றது?

சிறப்பாசிரியை:
நல்ல கேள்வி. ஊசி வேணுமா வேணாமான்னு அவன்ட்ட கேக்காதீங்க. அவனால நெஜமாவே முடிவு பண்ண முடியறத மட்டும் குடுங்க, பாக்குறியா கண்ண மூடிக்கிறியா, சோப்பு முட்டை ஊதுறியா, எந்த கலர் ப்ளாஸ்டர். "போதும்" தொட்டா சாப்பாட்டையோ விளையாட்டையோ உடனே நிறுத்துங்க. ஊசிக்கு நடுவுல தொட்டா, கைய எடுக்காம நீங்க மூணு வரைக்கும் விரல்ல எண்ணி காட்டுங்க, சிஸ்டர்ட்ட அத முன்னாடியே பேசி வச்சுக்கோங்க.