சொந்தப் பணத்துக்கு வட்டி உண்டா?

பாளை பி.காம்: பி.காம் முடித்தாச்சு. பேலன்ஸ் ஷீட் போடத் தெரியும். ஆனால் ஒரு கம்பெனி எதில் பணம் போடலாம், எதில் போடக் கூடாது என்று கேட்டால் முழிக்கிறேன். கார்ப்பரேட் ஃபைனான்ஸை எங்கிருந்து தொடங்க?

அம்பை ரைஸ்மில் கணக்கர்: தம்பி, ஃபார்முலா பக்கம் இப்போதைக்குப் போகாதே. பணம் எங்கே எத்தனை நாள் முடங்குகிறது என்று முதலில் பார். எங்கள் மில்லில் நெல் வாங்கி அரிசியாக விற்க 60 நாள், கடைக்காரர் பணம் தர 45 நாள், நெல் வியாபாரி எங்களுக்குத் தரும் தவணையோ 15 நாள்தான், ஆக 90 நாள் பணம் வெளியே நிற்கிறது. தினம் 1 லட்சத்துக்குச் சரக்கு என்றால் 90 லட்சம்! பிசானப் பருவ நெல் அறுப்பு நேரத்தில் இன்னும் மோசம். ஏட்டில் லாபம் இருக்கும், சனிக்கிழமை கூலிக்கு பேங்க் சி.சி. கணக்கைத்தான், அதாவது சரக்கின் பேரில் வேண்டியபோது எடுத்துக் கட்டும் கடனைத்தான், தடவ வேண்டும். லாபத்தில் ஓடின மில்லே இதில் படுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மேலப்பாளையம் எம்.பி.ஏ.: அண்ணாச்சி சொல்வது சரி, ஆனால் தம்பி கேட்டது அது இல்லையே. எதில் போடலாம் என்றல்லவா கேட்டார்? 20 லட்சத்துக்கு நெல் டிரையர் வாங்குகிறோம், 5 வருடம் உழைக்கும், வருடம் 5 லட்சம் மிச்சம். 25 லட்சம் வருகிறதே, 5 லட்சம் லாபம் என்பார்கள். ஆனால் பின்னால் வரும் பணத்துக்கு இன்று மதிப்பு குறைவு. வரியைத் தள்ளிவைத்து, காத்திருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் 12 சதவீத வட்டிக் கணக்கில் கழித்தால் அந்த 25 லட்சத்தின் இன்றைய மதிப்பு 18.02 லட்சம்தான். அதில் போட்ட 20 லட்சம் போக நிற்பதுதான் என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு), இங்கே மைனஸ் 1.98 லட்சம். முதலில் படிக்க வேண்டியது இதுதான்.

அம்பை ரைஸ்மில் கணக்கர்: அந்த 12 எந்த மரத்தில் காய்த்தது? எங்க முதலாளி சொந்தப் பணத்தில்தான் வாங்குவார். அதுக்கு வட்டி ஏது தங்கச்சி?

மேலப்பாளையம் எம்.பி.ஏ.: இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவது. அதே 20 லட்சத்தைச் சி.சி.யில் கட்டியிருந்தால் வட்டி மிஞ்சியிருக்குமா இல்லையா? கைவிட்ட அந்த வருமானம்தான் சொந்தப் பணத்தின் விலை. இன்னும் சொன்னால் கடனைவிட அதன் விலை கூடத்தான் இருக்கணும், ஏனென்றால் பேங்குக்குக் கட்டியது போக மிஞ்சினால்தான் முதலாளிக்கு.

தூத்துக்குடிக்காரன்: ஒரு வார்த்தை. வ.உ.சி. 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு மூலதனம் 10 லட்சம், 25 ரூபாய்ப் பங்கு 40,000. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை வெட்டிக்கொண்டே போனது. யார் கையில் நீண்ட நாள் தாங்கப் பணம் இருக்கிறதோ அவன் நின்றான். நான் கணக்கர் கட்சி.

மேலப்பாளையம் எம்.பி.ஏ.: 1908இல் அவரைப் பிடித்து உள்ளே தள்ளியதை வசதியாக விட்டுவிட்டீர்களே. அதைவிட்டுவிட்டு வெறும் பணக் கதையாக்க முடியாது.

அம்பை ரைஸ்மில் கணக்கர்: சரி, உங்க 12ஐ ஒத்துக்கிட்டேன். ஆனால் 5 வருடம் கழித்து டிரையர் குப்பைக்கா போகும்? 4 லட்சத்துக்குக் கேட்க ஆள் இருக்கு. அதைச் சேர்த்தீங்களா?

மேலப்பாளையம் எம்.பி.ஏ.: சேர்க்கலை, என் தப்பு. இன்றைய மதிப்பில் 2.27 லட்சம், சேர்த்தால் பிளஸ் 29 ஆயிரம். ஆனால் மூன்றரைக்குக் கீழே விலை போனால் திரும்பவும் மைனஸ். அந்த 4 லட்சத்தை யார் எழுதிக் கொடுத்தது அண்ணாச்சி?

அம்பை ரைஸ்மில் கணக்கர்: போன மாசம் சேரன்மகாதேவியில் ஒரு பழைய டிரையர் கைமாறிச்சு. என்ன விலைக்குப் போச்சுன்னு கேட்டுட்டு வாரேன்.