திமிங்கலம் பிடிக்கும் ஊர், எண்ணெய் வரியில் நடக்கும் ஊர்: இன்யூபியாட் மக்கள் எந்தப் பக்கம்?

மதிவதனி (கேள்வி)

வணக்கம். கடல்சார் சட்டத்தில் முதுகலை படிக்கிறேன். அலாஸ்காவின் வடகரையில் இன்யூபியாட் மக்கள் உணவுக்காகத் திமிங்கலம் பிடிப்பதையும், அதே கடலில் எண்ணெய் எடுப்பதையும் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. 2007-இல் பியூஃபோர்ட் கடலில் ஷெல் நிறுவனம் துளையிட வந்தபோது, நார்த் ஸ்லோப் வட்டார நிர்வாகமும் அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல வேட்டை ஆணையமும் நீதிமன்றம் போய்த் தடை வாங்கின. அப்போது மேயராக இருந்த எட்வர்ட் இட்டா தாமே ஒரு வேட்டைக் குழுத் தலைவர். ஆனால் அந்த நிர்வாகத்தின் வருவாயில் பெரும்பகுதி எண்ணெய் நிறுவனங்கள் கட்டும் சொத்து வரி. இட்டாவும் பின்னாளில் ஷெல்லோடு பேசத்தான் செய்தார். இவர்கள் எண்ணெய்க்கு ஆதரவா, எதிர்ப்பா? அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் விளக்குங்கள்.

செல்வநாயகி

மதிவதனி, ஆதரவா எதிர்ப்பா என்று கேட்டால் அங்கே யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். எந்த இடத்தில், எந்த மாதத்தில் என்று கேட்டுப் பாருங்கள். விடிய விடியப் பேசுவார்கள். நான் பியூஃபோர்ட் கடலில் நில அதிர்வு ஆய்வுக் கப்பலில் ஒலிக்கருவிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். அதனால் எனக்குத் தெரிந்த பக்கம் ஒலியின் பக்கம். அங்கிருந்தே சொல்கிறேன்.

இவர்கள் பிடிக்கும் வில்தலைத் திமிங்கலங்கள் வசந்தத்தில் பெரிங் கடலிலிருந்து பனிப்பிளவுகளின் வழியே வடக்கே வருகின்றன. இலையுதிர் காலத்தில் கனடாவின் பக்கமிருந்து கரையை ஒட்டி மேற்கே திரும்புகின்றன. அப்படித் திரும்பும்போது முதலில் காக்டோவிக், பிறகு நுய்க்சுட் ஊராரின் கிராஸ் தீவு, அப்புறம் உட்கியாக்விக் (2016 வரை பாரோ என்றழைத்தார்களே, அந்த ஊர்). நுய்க்சுட் கடற்கரை ஊரே அல்ல. கோல்வில் ஆற்றோரம் உள்ளடங்கி இருக்கிறது. ஆற்றில் இறங்கிக் கடலுக்கு வந்து, கிழக்கே கிராஸ் தீவு வரை படகோட்டிப் போய், அங்கே குடில்களில் தங்கி வேட்டையாடுகிறார்கள். அந்தத் தீவுக்குத் தென்மேற்கே கரையில் புரூடோ பே எண்ணெய் வயல். மேற்கே நார்த்ஸ்டார் என்னும் செயற்கைத் தீவு. 2001-இலிருந்து அங்கே எண்ணெய் எடுக்கிறார்கள், கடலடிக் குழாய் வழியாகக் கரைக்கு வருகிறது. வேட்டைக் களமும் எண்ணெய்க் களமும் ஒன்றே என்றாகிவிட்ட ஊர் அது.

ஆய்வுக் கப்பல் என்ன செய்கிறது என்றால், அழுத்திய காற்றை நீருக்குள் சில விநாடிக்கு ஒருமுறை வெடிக்கவிட்டு, கடலடிப் பாறையில் பட்டு வரும் எதிரொலியைப் பதிவு செய்கிறது. இரவு பகலாக. என் திரையில் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு செங்குத்துக் கோடு. வெகு தொலைவில் வேறொரு கப்பல் வெடித்தாலும் அந்தக் கோடு மங்கலாக விழும். கோடுகளுக்கு நடுவே, திமிங்கலங்கள் அருகில் இருந்தால், தாழ்ந்த முனகல்கள் வளைந்து வளைந்து தெரியும். வெடிச்சத்தம் லேசாகக் கேட்கும் தொலைவில் அவை வழக்கத்தைவிட அதிகமாகக் கூப்பிடுகின்றன. சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் கூப்பிடுவது குறைந்து, கடைசியில் அடியோடு நின்றுவிடுகிறது. இது ஆய்வுகளில் பதிவானது. ஆகவே ஒலிப்பதிவில் ஒன்றும் கேட்கவில்லை என்பதை வைத்து அங்கே திமிங்கலம் இல்லை என்று எழுதிவிட முடியாது.

எங்கள் கப்பலில் மேல்தளத்தில் கண்காணிப்புக்கு இன்யூபியாட் பார்வையாளர் ஒருவர் இருந்தார். வயதானவர், வேட்டைக் குழுவில் வளர்ந்தவர். தொலைநோக்கியை அதிகம் எடுக்க மாட்டார். பறவைகளையும் நீரின் நிறத்தையும் பார்ப்பார். வசந்த வேட்டையில் பனி விளிம்பில் முகாம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் விளக்கினார். எல்லோரும் வெள்ளை மேலாடை. பனிவண்டிகளைப் பின்னாலேயே நிறுத்திவிட வேண்டும். பெட்டியைப் பனிமேல் தடாலென்று வைத்தாலும் திட்டு விழும். படகு தாடிச் சீல் தோலில் பெண்கள் தைத்தது. அலுமினியப் படகைப்போல நீரில் தட்டி ஒலிக்காது. துடுப்பின் அலகை நீரில் அமிழ்த்தி, பிடியைத் தாடையில் வைத்துக் கீழே நடக்கும் பேச்சைக் கேட்பார்களாம். இத்தனை ஒலியடக்கத்தோடு வளர்ந்த மனிதர், எங்கள் கப்பலின் வெடிச்சத்தம் காலடியில் அதிர அதிரப் பேசிக்கொண்டிருந்தார்.

சத்தத்தால் திமிங்கலம் கடலுக்குள் விலகிப் போனால் வேட்டைக்காரருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் இந்தச் சண்டை புரியாது. இலையுதிர் வேட்டை சிறு மோட்டார்ப் படகுகளில் நடப்பது. விலகிய திமிங்கலத்தைத் தேடி அவர்கள் இன்னும் வெளியே போக வேண்டும், அங்கே அலை பெரிது. அடித்துவிட்டால் அதை இழுத்துவர வேண்டும். அங்கே வழக்கில் ஓர் அடி நீளத்துக்கு ஒரு டன் என்று கணக்குச் சொல்வார்கள். முப்பத்தைந்து அடி விலங்கு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். அதன் கொழுப்புப் போர்வை அவ்வளவு தடிமன், உயிர் போன பிறகும் உடற்சூடு வெளியேறாது. இழுவை பல மணிநேரம் நீண்டால் இறைச்சி உள்ளிருந்தே கெட்டுப்போகிறது. ஓர் ஊரின் குளிர்கால உணவு அது. தவிரவும், மிரண்ட திமிங்கலம் அடிக்கடி மூழ்கும், படகை நெருங்கவிடாது; அப்போதுதான் விபத்து நேர்கிறது.

இதை வேட்டைத் தலைவர்கள் எப்போதிருந்தோ சொல்லிவந்தார்கள். கப்பலுக்குச் சில கிலோமீட்டருக்குள் வந்தால்தான் திமிங்கலம் விலகும் என்பது நிறுவனங்களின் பக்கத்து வாதம். 1997-இல் பாரோவில் நடந்த கூட்டத்தில், முப்பது மைலுக்கு மேல் தள்ளியிருக்கும்போதே வழி மாறத் தொடங்குகிறது என்று தலைவர்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள். 1996 முதல் 1998 வரை விமானத்திலிருந்து எண்ணிப் பார்த்த ஆய்வு, ஆய்வுக் கப்பலைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் பெரும்பாலான திமிங்கலங்கள் வரவே இல்லை என்று கண்டது. வேட்டைக்காரர் சொன்ன தொலைவை அது எட்டவில்லை, ஆனாலும் சில கிலோமீட்டர்தான் என்ற பழைய கணிப்பு தவறு என்று காட்டியது. எனக்கு இதில் இன்றுவரை ஆற்றாமை உண்டு: பசியும் உயிரும் பணயமாக வைத்துப் பார்த்தவர்களின் சொல், விமானம் பறந்த பிறகுதான் தரவு என்று ஏற்கப்பட்டது.

இதிலிருந்து பிறந்ததுதான் மோதல் தவிர்ப்பு ஒப்பந்தம். 1980களின் நடுவிலிருந்து ஆணையமும் எண்ணெய் நிறுவனங்களும் பருவத்துக்குப் பருவம் பேசிக் கையெழுத்திடுகிறார்கள். எங்கே எந்தத் தேதியில் சத்தம் நிற்க வேண்டும், ஊர்களில் வானொலித் தொடர்பு மையம் யார் நடத்துவது, கப்பல் எந்த வழியில் போகலாம், எல்லாம் அதில் உண்டு. 2012-இல் ஷெல் பியூஃபோர்ட் கடலின் கேம்டன் விரிகுடாவில் துளையிடத் திட்டமிட்டபோது, ஆகஸ்ட் 25 முதல் காக்டோவிக், நுய்க்சுட் வேட்டை முடியும்வரை வேலையை நிறுத்துவதாக ஏற்றுக்கொண்டது. துளையிடும் சேற்றையும் கழிவையும் அங்கே கடலில் கொட்டாமல் அள்ளிச் செல்லவும் ஒப்புக்கொண்டது. நீங்கள் இட்டாவைப் பற்றிக் கேட்டதற்கு என் பதில் இதுதான். தடை வாங்கியதும் பேசியதும் ஒரே நோக்கத்துக்காக. கையில் தடையாணை இருந்ததால்தான் பேச்சுக்கு எடை வந்தது.

அருள்மொழி

செல்வநாயகி அக்கா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்று உறுத்துகிறது. மோட்டார்ப் படகு, வெடிகுண்டு ஈட்டி எல்லாம் வைத்துக்கொண்டு பாரம்பரியம் என்பது எப்படி? எண்ணெய் நிறுவனம் திமிங்கலத்தை விரட்டுகிறது, இவர்கள் கொல்கிறார்கள். திமிங்கலத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இவர்கள் குற்றம்தானே பெரிது?

செல்வநாயகி

தம்பி, திமிங்கலத்தின் பக்கத்திலிருந்தே பார்ப்போம். அந்த இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது 1848-இல் பெரிங் நீரிணையைத் தாண்டி வந்த அமெரிக்க வணிகக் கப்பல்கள். திமிங்கலக் கொழுப்பின் எண்ணெய்க்காகவும், பெண்களின் இடுப்புக் கச்சைக்கு வேண்டிய வாய்த்தகட்டுக்காகவும் சுமார் அறுபது ஆண்டுகள் கொன்றார்கள்.

1977-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இன்யூபியாட் வேட்டைக்கும் தடை போட்டது. அந்த நேரத்து மதிப்பீடு இரண்டாயிரத்துக்கும் கீழே. அந்தத் தடையை எதிர்த்துத்தான் அதே ஆண்டு வேட்டைத் தலைவர்கள் தங்களுக்கென்று அலாஸ்கா எஸ்கிமோ திமிங்கல வேட்டை ஆணையத்தைத் தொடங்கினார்கள். 1978-க்குக் கிடைத்த ஒதுக்கீடு, கரை சேர்ப்பது 12 அல்லது அடிப்பது 18, எது முதலில் வருகிறதோ அது. எல்லா ஊர்களுக்கும் சேர்த்து! தலைவர்கள் சொன்னார்கள்: நீங்கள் பனி விளிம்பில் நின்று கண்ணால் எண்ணுகிறீர்கள், திமிங்கலங்கள் பனிக்கு அடியிலும், பிளவுக்கு வெகு அப்பாலும் போகின்றன, மூச்சுவிடப் பனியைத் தலையால் முட்டி உடைக்கவும் செய்கின்றன. சரியென்று நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டார்கள். அவர்கள் சொன்னது அப்படியே நின்றது. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது, அதுவும் வேட்டை நடந்துகொண்டிருக்கும்போதே. 2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுக்குக் கரை சேர்க்க அனுமதி, ருஷ்யாவின் சுகோட்கா பழங்குடிகளுக்கும் சேர்த்து, 392 ஆக இருந்தது.

பாரம்பரியம் பற்றி: பென்த்ரைட் என்னும் வெடிமருந்துக் குண்டுக்கு மாறியதே திமிங்கலம் சீக்கிரம் உயிர்விட வேண்டும், அடிபட்டுத் தப்பி வீணாகக் கூடாது என்பதற்காக. 1970களில் அடித்தவற்றில் பாதி அளவே கரை சேர்ந்தது. இப்போது நாலில் மூன்று பங்குக்கு மேல். இறைச்சியை விற்க முடியாது. கரை சேர்ந்தவுடன் ஊரே கயிறும் கப்பியுமாக இழுக்கிறது, பங்கு பிரிகிறது. குழுத் தலைவர் வீட்டுப் பங்கும் ஜூன் மாத நலுகடாக் விருந்திலும், நன்றி நாளிலும், கிறிஸ்துமஸிலும் ஊருக்கே போய்ச் சேர்கிறது. ஒரு பருவத்துப் பெட்ரோலும் உணவும் குண்டும் வாங்கும் செலவு அந்தத் தலைவர் தலையில். அந்தப் பணம் பல வீடுகளில் எண்ணெய் வேலைச் சம்பளத்திலிருந்து வருகிறது.

தணிகாசலம்

ஒன்றைச் சேர்க்கிறேன். இன்யூபியாட் மக்கள் என்று ஒரே குரலாக எழுதிவிடாதீர்கள், மதிவதனி. அலாஸ்கா பழங்குடிகளின் நில உரிமையைத் தீர்த்த 1971 சட்டத்தின்படி உருவான பழங்குடி நிறுவனங்கள் லாபம் ஈட்டி உறுப்பினருக்குப் பங்கு தர வேண்டியவை. 2014-இல் ஆர்க்டிக் ஸ்லோப் மண்டல நிறுவனமும் ஆறு ஊர் நிறுவனங்களும் சேர்ந்து, அலாஸ்காவின் வடமேற்கே உள்ள சுக்சி கடலில் ஷெல்லின் குத்தகையில் பங்கு பெற வழி செய்யும் ஒரு கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. பாயிண்ட் ஹோப் ஊர் நிறுவனமும் அதில் உண்டு. அதே பாயிண்ட் ஹோப்பின் பழங்குடி மன்றம்தான் 2008 சுக்சி கடல் எண்ணெய்க் குத்தகை ஏலத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஒரே குடும்பத்தில் ஒருவர் நிறுவனப் பங்குதாரர், இன்னொருவர் வழக்காளி. இதற்கு முன்பே 2012 டிசம்பர் 31 அன்று ஷெல்லின் குல்லக் என்னும் துளையிடும் கலம் தெற்கு அலாஸ்காவின் கோடியாக் தீவருகே கரைதட்டியது. கடைசியில் 2015 செப்டம்பரில், சுக்சி கடலில் துளையிட்ட இடத்தில் போதிய எண்ணெய் கிடைக்காமல் ஷெல் விலகியது.

மதிவதனி

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம், செல்வநாயகி அம்மா. அந்த மோதல் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட நிறுவனம் மறுத்தால் என்ன?

செல்வநாயகி

மறுக்கலாம். அது இரு தரப்பும் விரும்பிச் செய்யும் ஒப்பந்தம், கட்டாயம் இல்லை. என் வருத்தமெல்லாம் அங்கேதான். ஆனால் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வாங்கும் நிறுவனம், உணவுக்காக வேட்டையாடுவோருக்குத் திமிங்கலம் கிடைப்பதில் தணிக்க முடியாத பாதிப்பு இல்லை என்ற நிபந்தனைக்குள் வர வேண்டும். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தால் அதைக் காட்டுவது எளிது. இல்லாவிட்டால் பாதிப்பைத் தணிப்பதற்கான திட்டத்தைத் தனியாக எழுதி மெய்ப்பிக்க வேண்டும். உங்கள் கட்டுரைக்கு அந்த நிபந்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். அது திமிங்கலத்தின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசவில்லை, வேட்டைக்காரரின் கைக்கு எட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. பதினாறாயிரம் திமிங்கலம் இருந்தும் அவை முப்பது மைல் வெளியே போய்விட்டால் நுய்க்சுட் ஊருக்குச் சட்டப்படி இழப்புதான். வட்டார நிர்வாகத்தின் வனவிலங்குத் துறை ஆவணங்களையும் விடாமல் பாருங்கள். திமிங்கலக் கணக்கெடுப்பைப் பல பத்தாண்டுகளாக நடத்துவது அந்தத் துறைதான், நீங்கள் முதலில் சொன்ன எண்ணெய் வரியிலிருந்துதான் அதற்கும் பணம் போகிறது.