குட்டி டிராக்டர ஏத்திட்டுப் போக ட்ரெயிலர் செய்யலாமா, பிக்கப்பே போதுமா?

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. வீடு கேரளா பக்கம் கொழிஞ்சாம்பாறைல, இங்க 4 ஏக்கர் தென்னை. வீட்டுக்காரி வழில வந்த 6 ஏக்கர் தோப்பு தமிழ்நாட்டுல ஆனைமலைக்குப் பக்கம், மீனாட்சிபுரம் வழியா போனா ஒரு 30, 35 கிலோமீட்டர் வருமுங்க. ஒரே டிராக்டர், 24 எச்பி குபோட்டா, அதுக்கு மண்ணப் பொடியாக்கற 4 அடி ரோட்டவேட்டர், 5 கொழு கலப்பை, அப்புறம் தென்னை மட்டை தூளாக்கற மிஷின் இருக்குது. இத்தன நாள் ரோட்லயே ஓட்டிட்டுப் போய்ட்டு இருந்தேன், 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாது, ஒரு பக்கம் போறதுக்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல ஆகுது, முதுகு ஒடியுது, தார் ரோட்ல டயர் கட்டையெல்லாம் மொழுக்கையா தேஞ்சுட்டு வருது, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் வேற. வீட்ல 7 சீட் பொலீரோ இருக்கறதால அதுக்குப் பின்னாடி கொக்கி வெச்சு, ஒத்த அச்சு ட்ரெயிலர் ஒண்ணு செஞ்சுக்கலாமான்னு யோசன. யூட்யூப்ல அமெரிக்காக்காரன் அப்படித்தான் இழுத்துட்டுப் போறான், பாக்க நல்லாத்தான் இருக்குது. யாராச்சும் செஞ்சு பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, எத்தன அடி நீளம், ஒத்த அச்சா ரெட்ட அச்சா, பலகை தகடா மரமா, எல்லாமே தெரியணும்.

ஆனமல_ஜீப்:
ண்ணா வேண்டாம். ரெண்டே வார்த்தைதான், ஆனா காரணத்த சொல்லிடறேன். எங்ககிட்ட பழைய டீசல் ஜீப் இருந்துச்சு, அதுக்கு ஒரு ட்ரெயிலர், 500 லிட்டர் டேங்கு வெச்சு மருந்தடிக்கத் தண்ணி கொண்டு போவோம். ஒரு நாள் டேங்க நடுவுல வெக்காம, எறக்கறதுக்கு சுலபமா இருக்கட்டும்னு பின்னாடி தள்ளி வெச்சுட்டாங்க பசங்க. வேட்டைக்காரன்புதூர் ரோட்ல ஒரு எறக்கத்துல 50ல போனேன், பின்னாடி பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிச்சுது. பிரேக் புடிச்சா இன்னும் எச்சா ஆடுது, ஸ்டீரிங் கையில நிக்கல. ஆக்சிலேட்டர விட்டு, ஸ்டீரிங்க நேரா புடிச்சு, அதுவா வேகம் கொறையற வரைக்கும் சாமி கும்பிட்டுட்டே போனேன். அது வெறும் தண்ணி. நீங்க டிராக்டர ஏத்தப் போறேங்கறீங்க.

பட்டறை_மீனாட்சிபுரம்:
நான் வெல்டிங் பட்டறைக்காரன், ட்ரெயிலர் செஞ்சு குடுத்தா எனக்குத்தான் காசு, ஆனாலும் முதல்ல கணக்கப் பாருங்க. எடை எவ்வளவுன்னு தெரியாம நீளம் என்ன, அச்சு என்னன்னு பேசறது, பொண்ணு பாக்காம மண்டபம் புக் பண்றாப்டி. கொப்பர யாவாரிங்க எடை போடற எடை மேடை உங்க ரோட்லயே இருக்கும், டிராக்டர டேங்கு நெறைய டீசலோட, மாட்டியிருக்கற சாமானோட ஏத்தி ஒரு சீட்டு வாங்குங்க. மத்த சாமானையும் தனித்தனியா போடுங்க. அதோட ட்ரெயிலரோட சொந்த எடை ஒரு 350, 400 கிலோ சேத்துக்கோங்க, ஏன்னா டிராக்டர் தாங்கற மாதிரி சேனல் போட்டா அவ்வளவு வந்துரும்.

ஆடறதுக்கு ஜீப் அண்ணன் சொன்னதுதான் காரணம். ட்ரெயிலரும் அதுல இருக்கறதும் சேந்த மொத்த எடைல 100க்கு 10ல இருந்து 15 பங்கு வரைக்கும் கொக்கி மேல உக்காரணும். அதுக்குக் கொறஞ்சா வாலு ஆடும், ரொம்ப மிஞ்சுனா இழுக்கற வண்டி பின்பக்கம் உக்காந்து முன் வீலுக்குப் பிடிமானம் போயிரும். குட்டி டிராக்டர்ல எடை பாதிக்கு மேல பின் அச்சுலதான், அதுல ரோட்டவேட்டர் வேற தொங்குனா இன்னும் பின்னாடி போகுது. அதனால டிராக்டரோட பின் வீலு, ட்ரெயிலர் அச்சுக்குக் கொஞ்சம் முன்னாடி வர்ற மாதிரி நிக்கணும், நிக்கற எடத்துல பலகைல குறுக்குக் கட்டை வெச்சு வெல்டு அடிச்சுட்டா தினமும் ஒரே எடத்துல நிக்கும். இத்தனைக்கும் மேல பிரேக் இருக்கு. அத அப்புறம் பேசறேன், நீங்க சீட்ட வாங்கிட்டு வாங்க.

கேஎல்70:
எடை அப்புறம், பேப்பர முதல்ல பாருங்க. ட்ரெயிலருக்குத் தனியா ரிஜிஸ்ட்ரேசன் வேணும், அதோட நம்பர் பக்கத்துல, இழுக்கற வண்டி நம்பர் பின்னாடி, ரெண்டும் எழுதணும். நம்ம ஊர் டிராக்டர் டிப்பர்ல பாதிக்கு மேல அது இல்ல, அது வேற கத. பட்டறைல செஞ்ச ட்ரெயிலர கார் பின்னாடி இழுக்க ஆர்டிஓ ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்றது லேசுல நடக்காது. பொலீரோல கொக்கி வெச்சாலும் கம்பெனி குடுத்த அமைப்ப மாத்துனதா எடுத்துக்குவாங்க, மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு. ரெண்டு ஸ்டேட் பார்டர்ல ஓட்டறோம், ஒருத்தன் விட்டாலும் இன்னொருத்தன் புடிப்பான். அதவிட, ஏதாச்சும் ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல ட்ரெயிலர் பேர் இல்லேன்னு கைய விரிச்சுருவாங்க.

பிக்கப் வாங்கறதா இருந்தா, வண்டியும் சரக்கும் சேத்து மொத்த எடை 3000 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். 1.7 டன் ஏத்தற பிக்கப் அதத் தாண்டிரும், அப்ப ரெண்டு ஸ்டேட்டுக்கும் பெர்மிட் இருக்கான்னு பாத்து வாங்குங்க. லைசென்ஸ் பிரச்சனை இல்ல, மொத்த எடை 7500 கிலோ வரைக்கும் கார் ஓட்டற எல்எம்வி லைசென்சே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் 5 நீதிபதிங்க பெஞ்ச் சொல்லியாச்சு.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
எடை போட்டுட்டேனுங்க. ரோட்டவேட்டர் மாட்டுன டிராக்டர் 880, கலப்பை 110, மட்டை மிஷின் 320. மொத்தம் 1310. நான் 900ஐத் தாண்டாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

பட்டறை_மீனாட்சிபுரம்:
பாத்தீங்களா. ட்ரெயிலர் 400 சேத்தா 1700 ஆச்சு. உங்க பொலீரோ சொந்த எடையே 1600 சொச்சந்தான் இருக்கும். பின்னாடி வர்றவன் முன்னாடி போறவன விடக் கனம். அவனுக்குத் தனி பிரேக் இல்லேன்னா எறக்கத்துல உங்க வண்டிய அவன்தான் ஓட்டுவான். யூட்யூப்ல பாத்தீங்களே, அவங்க வண்டியே ரெண்டரை டன் இருக்கும், ட்ரெயிலர் வீல்ல கரண்ட் பிரேக், முன்னாடி டிரைவர் கைல அதுக்கு ஒரு கண்ட்ரோல். அந்தப் பிரேக் செட்டு வாங்கி மாட்டி அத சர்வீஸ் பண்ண இங்க ஆள் தேடறதுக்குள்ள உங்க தோப்புல மூணு வெட்டு முடிஞ்சுரும். நான் செஞ்சு தரமாட்டேன், வேற பட்டறை பாத்துக்கோங்க 😀

கம்பம்_பந்தல்:
அண்ணே நாங்க கம்பம் பக்கம், திராட்சப் பந்தலுக்கு அடில ஓட்றதுக்கு இதே மாதிரி குட்டி வண்டிதான். எங்க ஊர்ல யாரும் ட்ரெயிலர்ல ஏத்தறதில்ல, பிக்கப்புதான். குட்டியானைல ஏத்தாதீங்க, அது 750 கிலோ வண்டி, ஏத்தறவய்ங்க இருக்காய்ங்க, அவய்ங்கள பாத்து ஏமாறாதீங்க. ஏத்துறப்பதான் ஆபத்து. பிக்கப் பாடி ரெண்டே முக்கால், 3 அடி ஒசரம். 6 அடி பலகை போட்டா சரிவு 30 டிகிரி, முன்னாடி பாத்து ஏறுனீங்கன்னா பின்னாடி ரோட்டவேட்டர் இழுக்க முன் வீலு அந்தரத்துல தூக்கிரும், வண்டி மல்லாக்க விழும். எங்க தெருவுல ஒருத்தருக்கு அப்படித்தான் காலு போச்சு. ரிவர்ஸ்ல ஏறுங்க, எறங்குறப்ப முன்னாடி பாத்து எறங்குங்க, சின்ன கியர்லயே, கிளச்ச மிதிக்கவே கூடாது.

நாங்க பலகையே விட்டுட்டோம். ஜேசிபி தோட்டத்துக்கு வந்தப்ப வாசல்ல ஒரு மண்மேடு போட்டு, முன்பக்கம் கல்லு அடுக்கி, பிக்கப் பாடி ஒசரத்துக்குச் சரியா வெச்சுட்டோம். வண்டிய ரிவர்ஸ்ல ஒட்டி நிறுத்துனா டிராக்டர் சமதரைல போற மாதிரி உள்ள போயிரும். இதே மாதிரி அந்தத் தோட்டத்துலயும் ஒண்ணு. அரை மணி நேர ஜேசிபி வாடகைதான்.

எருத்தேம்பதி_கடலக்காடு:
இத மொதல்லயே சொல்லிருக்கலாம், இத்தன நேரம் கொக்கி கணக்கு படிச்சுட்டு இருந்தேன்.
இன்னொண்ணு, 3 சாமானையும் எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க? கலப்பை ஒண்ணு பழசா வாங்கி அங்கயே போட்டுருங்க. மட்டை மிஷின் மாசத்துக்கு ஒருக்காத்தான், அதுக்கு அன்னைக்கு மட்டும் தனியா ஒரு நடை. பிக்கப் பாடி 9 அடி, டிராக்டர் மட்டுமே 8 அடி, ரோட்டவேட்டரோட பத்தரை வரும், கதவத் தொறந்து வெளிய நீட்டிட்டுப் போனா ஃபைன். 10 அடி பாடி வண்டியா புடிச்சு ரோட்டவேட்டரக் கழட்டி முன்னாடி ஓரமா போட்டுருங்க, இல்லேன்னா அதுக்கும் அங்க ஒண்ணு.

கொழிஞ்சாம்பாறை_தோப்பு:
ட்ரெயிலர் யோசனைய விட்டாச்சுங்க. ரெண்டு தோப்புலயும் மேடு போடறேன், பிக்கப் வாங்கறதில்ல, நடைக்கு இவ்வளவுன்னு வாடகைக்குத்தான், மாசத்துக்கு மிஞ்சுனா 3 நடை வரும். கட்டறதுக்குக் கயிறு போதுமா, சங்கிலியா?

பட்டறை_மீனாட்சிபுரம்:
தேங்காக் கயிறு போட்டுக் கட்டிராதீங்க. ராட்செட் பெல்ட் நாலு, மூலைக்கு ஒண்ணு, முன் அச்சுலயும் பின்னாடி ட்ராபார்லயும் மாட்டுங்க, ஸ்டீரிங் ராடுல, பம்பர்ல மாட்டக்கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு கியர்ல விடுங்க. ரோட்டவேட்டர் மாட்டியே இருந்தா தூக்கி நிறுத்தி வெக்காதீங்க, ஹைட்ராலிக் கசிஞ்சு வழில எறங்கும், ஒரு மரக்கட்டை வெச்சு அதுமேல உக்கார விடுங்க. கெளம்பி 5 கிலோமீட்டர்ல ஒரு டீக்கடைல நிறுத்தி பெல்ட்ட மறுபடி இறுக்குங்க, கண்டிப்பா தளந்திருக்கும்.

ஆனமல_ஜீப்:
மேட்டு மேல மழை பேஞ்ச அன்னைக்கு மட்டும் ஏத்தாதீங்கண்ணா, கல்லு அடுக்குன மண்ணுல வழுக்கும். எங்க பக்கம் வந்தா சொல்லுங்க, அந்த ஜீப் இன்னும் கெடக்குது, ட்ரெயிலர் மட்டும் கோழிக்கூடு ஆயிருச்சு.