அனுபவம்தான் அறிவா? டேவிட் டாய்ச்சை வைத்து ஒரு வாதம்

தேவகோட்டை வாத்தியார்:
அணு அளவில் நடக்கும் குவாண்டம் விதிகளைக் கொண்டு கணக்கிடும் குவாண்டம் கணினி என்றதும் பலர், பெரிய எண்களைக் காரணிகளாகப் பிரிக்க 1994ல் பீட்டர் ஷோர் கண்ட வழிமுறையிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். குவாண்டம் விதிப்படி இயங்கும் பொதுக் கணினியை ஆக்ஸ்ஃபோர்டின் இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1985லேயே வரையறுத்துவிட்டார். 1992ல் ரிச்சர்ட் ஜோசாவோடு சேர்ந்து ஒரு கணக்கும் காட்டினார்: ஒரு சார்பு, அதாவது எந்த உள்ளீட்டுக்கும் 0 அல்லது 1 என்று விடை தரும் விதி, எப்போதும் ஒரே விடை தருகிறதா, பாதிக்கு 0, பாதிக்கு 1 என்று சரிபாதியாகப் பிரிகிறதா? உள்ளீடு 10 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன பத்து இலக்கம் என்றால் சாதாரணக் கணினி உறுதியாகச் சொல்ல 513 தடவை வரை கேட்க வேண்டும். குவாண்டம் கணினிக்கு ஒரே தடவை. இதைவிடப் பெரிதாக எனக்குப் படுவது அறிவைப் பற்றி அவர் சொல்வது. பார்த்ததைத் திரட்டி வைத்தால் அறிவு வராது. ஊகித்து, குறை கண்டு, திருத்தித்தான் வளரும் என்கிறார். தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் காட்டிய வழி அது.

காரைக்குடிக்காரன்:
ஐயா, முதல் பாதி சரி. இரண்டாவதை ஏற்க மாட்டேன். அப்பச்சி வீட்டுச் சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்த பூச்சு இன்னும் கண்ணாடியாக மின்னுகிறது. பூசிய கொத்தனார் வேதியியலா படித்தார்? அனுபவம்தானே!

தேவகோட்டை வாத்தியார்:
தம்பி, முட்டையைச் சேர் என்று எந்தச் சுவரும் சொல்லித் தரவில்லை. யாரோ ஒருவர் சேர்த்துப் பார்ப்போமே என்று நினைத்திருக்க வேண்டும். அதுதான் ஊகம். வெடித்ததும் உதிர்ந்ததும் கழிந்தன, நின்றது நின்றது. ஏன் நின்றது என்று தெரியாதவர் இன்று பழுது பார்க்கும்போது சிமெண்டைப் பூசிவிடுகிறார். ஈரம் வெளியேற வழியில்லாமல் பழைய சுவர் உரிகிறது.

ஆத்தங்குடிக்காரர்:
எங்கள் வீட்டில் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்கிறோம். கண்ணாடி மேல் சாயத்தை எவ்வளவு நீர்க்க ஊற்றுவது என்று அப்பாவுக்கு வாயால் சொல்லத் தெரியாது, கைக்குத் தெரியும். வாத்தியார் சொல்லும் விளக்கத்துக்குள் அந்தக் கை வருமா?

தேவகோட்டை வாத்தியார்:
வரும் அண்ணே. சொல்லில் வராத அறிவும் உண்டு என்று டாய்ச்சே ஒப்புக்கொள்கிறார். அதுவும் தப்பு செய்து செய்து திருந்தியதுதான்.

காரைக்குடிக்காரன்:
சரி, கொத்தனார் விஷயத்தில் யோசிக்கிறேன். ஆனால் குவாண்டத்தில் நடக்கக்கூடியவை எல்லாம் தனித்தனி உலகங்களில் நடக்கின்றன என்று டாய்ச் சொல்லும் பல உலகங்களை மட்டும் ஏற்க மாட்டேன். பிரபஞ்சத்தில் தெரியும் அணுக்கள் சுமார் 10-இன் 80ஆம் அடுக்குதான்; அதையும் மிஞ்சும் கணக்கை ஷோர் வழிமுறை வேறு எங்கே போட்டது என்று கேட்கிறார் டாய்ச். குவாண்டம் அலைகள் ஒன்றோடொன்று கூடிக் கழிவதைக் கணக்காக எழுதினாலே அந்த விடை வந்துவிடுகிறதே ஐயா! எந்த விளக்கத்தை ஏற்றாலும் கணக்கு மாறவில்லை. அப்புறம் இத்தனை உலகங்கள் எதற்கு?